தூக்குமேடை விளையாட்டு

பேய்ப் படம் என்றால் நமக்கு எப்போதுமே பயம். ஆனால் அந்தப் பயம் பேய்களிடத்தில் அல்ல; படம் எடுக்கிறவர்களிடத்தில்தான். இரண்டரை மணி நேரம் கதவு கிறீச்சிடுவதையும், வெள்ளைப் புடவை உடுத்த ஒருத்தி கூந்தலை விரித்துக்கொண்டு கிணற்றடியில் நிற்பதையும் காட்டிவிட்டு, கடைசியில் "எல்லாம் சொத்துக்காக மாமா செய்த சூழ்ச்சி" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் திருத்தி வருகிற ஒரு மனிதனுக்கு இவற்றைவிடப் பயங்கரமான காட்சிகள் எத்தனையோ தெரியும்!

ஆகையால், பொங்கல் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த நமது குமாரன், "அப்பா, ஒரு பழைய அமெரிக்கப் படம் இருக்கிறது. பயங்கரமும் உண்டு, ஹாஸ்யமும் உண்டு. பார்க்கலாமா?" என்று கேட்டபோது, நமக்கு உற்சாகம் உண்டாகவில்லை. பயங்கரமும் ஹாஸ்யமும் ஒன்று சேர்ந்தால் பெரும்பாலும் பயங்கரத்தைப் பார்த்துச் சிரிப்பு வரும். ஹாஸ்யத்தைப் பார்த்துப் பயம் வரும். ஆயினும் கல்லூரியில் படிக்கிற பிள்ளை தகப்பனை ஒரு காரியத்துக்கு அழைப்பதே அபூர்வம். எனவே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம்.

படத்தின் பெயர் 'டெத்ரோ கேம்ஷோ'. மரண தண்டனைக் கைதிகளின் விளையாட்டு நிகழ்ச்சி என்று பொருள் கொள்ளலாம். 1987-ம் வருஷத்தில் வெளியான படம். எடுத்தவர் மார்க் பிர்ரோ என்னும் அமெரிக்கர். இவர் பெரிய முதலாளிகளை நம்பிப் படம் எடுத்தவர் அல்ல. இதற்கு முன்னால், வீட்டில் குழந்தைகளின் பிறந்த நாளைப் படம் பிடிப்பதற்கு வைத்திருப்பார்களே, அந்தச் சின்னஞ்சிறு 'சூப்பர் 8' பிலிமிலேயே ஒரு முழு நீள ரத்தக் காட்டேரிப் படத்தை எடுத்து முடித்த ஆசாமி! பணம் இல்லை என்பதற்காக இவர் எந்தக் காரியத்தையும் நிறுத்தி வைத்ததாகத் தெரியவில்லை.

கதை இதுதான். டெலிவிஷனில் 'லிவ் ஆர் டை' என்று ஒரு நிகழ்ச்சி. 'வாழ்வா, சாவா' என்று நம் பாஷையில் சொல்லலாம். தூக்கு மேடைக்கோ மின்சார நாற்காலிக்கோ போக வேண்டிய கைதிகளை அங்கே அழைத்துவந்து விளையாட வைக்கிறார்கள். ஜயித்தால் தண்டனை தள்ளிப் போகும். தோற்றால் அங்கேயே, விளக்கு வெளிச்சத்தில், வாத்தியம் முழங்க, சபையோர் கைதட்ட, உயிர் போகும். ஆனாலும் பாதகமில்லை; குடும்பத்தாருக்குப் பரிசு கிடைக்கும்! நிகழ்ச்சியை நடத்துகிறவன் சக் டோடன் என்னும் சிரித்த முகக்காரன். ஜான் மெக்காஃபர்ட்டி என்பவர் அந்த வேஷத்தில் நடிக்கிறார். பல் வரிசை குலையாமல் சிரித்துக்கொண்டே ஒருவனை மறு உலகத்துக்கு அனுப்பிவிட்டு, அதே மூச்சில் "விளம்பரத்துக்குப் பிறகு சந்திப்போம்" என்கிற தோரணை அவருக்கு நன்றாகப் படிந்திருக்கிறது.

ஒரு கைதிக்கு உடம்பிலே மின்சாரக் கம்பிகளைப் பொருத்திவிட்டு ஒரு சோதனை வைக்கிறார்கள். அது என்ன சோதனை என்பதைக் குடும்பங்களில் படிக்கிற பத்திரிகையில் எழுதுவதற்கில்லை. அந்தக் கட்டத்தில் நமது குமாரன் திடீரென்று தாகம் எடுத்ததாகச் சொல்லிச் சமையலறைக்குப் போய்விட்டான் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறோம். நாமும் அந்தச் சமயத்தில் கூரையிலிருந்த ஒட்டடையைக் கவனித்துக்கொண்டிருந்தோம்.

இப்படி ஜாலியாகப் போய்க்கொண்டிருக்கிற நிகழ்ச்சியில் ஒரு நாள் கொள்ளைக் கூட்டத்துத் தலைவன் ஒருவன் மாண்டுபோகிறான். அவனுடைய கூட்டத்தார் சும்மா இருப்பார்களா? சக் டோடனைத் தீர்த்துக்கட்டுவதற்கு ஓர் ஆளை ஏவிவிடுகிறார்கள். அதுவரையில் பிறர் சாவதைச் சிரித்துக்கொண்டு அறிவித்தவனுக்கு இப்போது தன் கழுத்தின் மேல் கத்தி வந்துவிட்டது. கூடவே, அந்த நிகழ்ச்சியை எதிர்த்துக் கிளர்ச்சி செய்கிற ஒரு பெண்மணியும் அவனோடு சேர்ந்து ஓட நேருகிறது. மேற்கொண்டு நடக்கிற ஓட்டமும் துரத்தலும் அவ்வளவு பிரமாதமில்லை. ஹாஸ்யமும் பல இடங்களில் மட்டமான ரகந்தான். இதை மறைப்பானேன்?

ஆனால், படத்தில் நம்மை யோசிக்க வைத்த விஷயம் ஒன்று இருந்தது. அது அந்தப் படத்தின் ஏழ்மை.

இதே கருத்தை வைத்துக்கொண்டு, இதே 1987-ம் வருஷத்தில், ஹாலிவுட்டில் இன்னொரு படமும் வந்தது. 'தி ரன்னிங் மேன்' என்று பெயர். ஆர்னால்ட் ஷ்வார்ஸ்னேகர் கதாநாயகர். செலவு சுமார் 2 கோடியே 70 லட்சம் டாலர். அதிலும் கைதிகளை டெலிவிஷனில் ஓடவிட்டு வேட்டையாடுகிறார்கள். நிகழ்ச்சியை நடத்துகிறவராக நடித்தவர் ரிச்சர்ட் டாசன். 'ஃபேமிலி ஃப்யூட்' என்ற உண்மையான விளையாட்டு நிகழ்ச்சியை வருஷக் கணக்காக நடத்திப் பெயர் வாங்கியவர். அவரைத் தேர்ந்தெடுத்தது கெட்டிக்காரத்தனமான காரியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கிறபோது, "இது எங்கேயோ, எப்போதோ நடக்கப்போகிற கதை" என்ற நினைப்பு விலகுவதே இல்லை. அத்தனை நெருப்பும் இரும்பும் பறக்கிற யந்திரங்களும் நமக்கும் கதைக்கும் நடுவில் வந்து நின்றுகொள்கின்றன.

பிர்ரோவின் படத்திலோ அப்படியில்லை. அட்டைச் சுவர், பளபளக்கிற காகிதம், நாலைந்து கலர் விளக்கு, கொஞ்சம் மலிவான உடுப்பு. பார்த்தவுடனே, "அடே! இது நம் வீட்டு டெலிவிஷனில் தினம் ராத்திரி வருகிற காட்சி அல்லவா?" என்று தோன்றிவிடுகிறது. காரணம் எளிது. உண்மையான விளையாட்டு நிகழ்ச்சிகளும் அட்டையாலும் காகிதத்தாலும் ஆனவைதான். நாடகம் போட்டால் நடிகர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். கதை எழுதுகிறவனுக்குக் கொடுக்க வேண்டும். விளையாட்டு நிகழ்ச்சிக்கு வருகிறவர்களோ தங்கள் முகத்தையும், கண்ணீரையும், பதற்றத்தையும் தாங்களே கொண்டுவந்து இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஏழைப் படாதிபதி ஒருவர் தம் கையிலிருந்த அட்டையைக் கொண்டே அந்த அட்டை ராஜ்யத்தைக் கேலி செய்தார். நகலுக்கும் அசலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், அதில் நகலுக்கு அவமானம் ஒன்றுமில்லை.

நாம் சிரித்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாவது கைதி மாண்டபோது முகம் சுளித்தோம். இரண்டாவது ஆளுக்குப் புன்னகை. அதற்கப்புறம் வாய்விட்டே சிரித்தோம். சிரிப்புச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த நமது மனைவி, கையில் கரண்டியுடன் ஐந்து நிமிஷம் நின்று பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:

"அந்த ஆள் என்ன குற்றம் செய்தானாம்?"

நாம் குமாரனைப் பார்த்தோம். குமாரன் நம்மைப் பார்த்தான். இருவருக்கும் தெரியவில்லை. ஓர் ஆத்மா நம் எதிரில் செத்துப்போயிருக்கிறது. எதற்காகச் செத்தான் என்று விசாரிக்க நமக்குத் தோன்றவே இல்லை. சட்டத்தையும் தர்மத்தையும் பற்றி வருஷம் முழுவதும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற சரித்திர உபாத்தியாயருக்கு இந்தக் கேள்வியைக் கேட்பதற்குச் சமையலறையிலிருந்து ஒருத்தி வர வேண்டியிருந்தது!

அன்று இரவு தூக்கம் வரவில்லை. "இதெல்லாம் வெறும் கற்பனை, எந்த தேசத்தில் மனிதனுடைய கஷ்டத்தை விளையாட்டாக வைத்துப் பரிசு கொடுப்பார்கள்?" என்று மனத்தைச் சமாதானப்படுத்தப் பார்த்தோம். ஆனால் சரித்திரம் படித்தவனுக்கு இந்த மாதிரிச் சமாதானம் நிலைப்பதில்லை. வேண்டாத ஞாபகங்கள் வரிசையாக வந்து கட்டில் காலடியில் உட்கார்ந்துகொள்கின்றன.

அமெரிக்காவில் 'குயீன் ஃபார் எ டே' என்று ஒரு நிகழ்ச்சி நடந்தது. முதலில் ரேடியோவில், 1956-ம் வருஷம் முதல் 1964-ம் வருஷம் வரையில் தேசம் முழுவதற்கும் டெலிவிஷனில். பெயர் 'ஒரு நாள் மகாராணி'. என்ன அழகான பெயர்! அதில் வந்த ஸ்திரீகள் செய்யவேண்டியது என்ன? ஒவ்வொருத்தியும் தன் வாழ்க்கையில் உள்ள துயரத்தைச் சபையில் எடுத்துச் சொல்ல வேண்டும். புருஷன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான் என்பாள் ஒருத்தி. நடக்க முடியாத பிள்ளைக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்பாள் இன்னொருத்தி. எல்லாரும் சொல்லி முடித்ததும் சபையோர் கைதட்டுவார்கள். கைதட்டலை அளப்பதற்கு ஒரு முள் வைத்த கருவி. எவளுடைய துயரத்துக்குக் கைதட்டல் அதிகமோ, அவளுக்குக் கிரீடமும், சிவப்பு வெல்வெட் அங்கியும், துணி வெளுக்கும் இயந்திரம் முதலிய பரிசுகளும். மற்றவர்களுடைய கஷ்டம் போதவில்லை. தோற்றுப்போய் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். திருதராஷ்டிரன் சபையில்கூடத் துயரத்துக்கு மார்க்குப் போட்டதாகப் பாரதத்தில் இல்லை.

பொது அறிவுப் போட்டிகளாவது யோக்கியமாக நடந்தனவா என்றால், அந்தக் கதை இன்னும் விசேஷம். 1956-ம் வருஷத்தில் 'ட்வென்ட்டி ஒன்' என்ற வினாடி வினா ஆரம்பமாயிற்று. ஒரு சத்து மருந்துக் கம்பெனியார் அதற்குப் பணம் கொடுத்தார்கள். இரண்டு போட்டியாளர்கள் தனித்தனிக் கண்ணாடிக் கூண்டுகளில் நின்று பதில் சொல்ல வேண்டும். அதில் தொடர்ந்து ஜயித்து வந்தவர் ஹெர்பெர்ட் ஸ்டெம்பல் என்னும் மாணவர், நடுத்தர நிலைக்காரர். நிகழ்ச்சிக்காரர்கள் அவருக்கு முன்கூட்டியே விடைகளைச் சொல்லிக் கொடுத்ததோடு, பொருத்தமில்லாத உடுப்பை அணியச் சொன்னார்கள். நெற்றி வேர்வையை எப்போது, எப்படி ஒற்ற வேண்டும் என்றுகூடச் சொல்லிக் கொடுத்தார்கள். சில வாரங்களில் ஜனங்களுக்கு அவர் முகம் சலித்துவிட்டது என்று கண்டதும், தோற்றுப்போகும்படி உத்தரவு பிறந்தது.

அவர் தோற்கவேண்டிய கேள்வி இது: 1955-ம் வருஷத்தின் சிறந்த படம் என்று ஆஸ்கார் பரிசு பெற்றது எது? விடை, 'மார்ட்டி'. அது அவருக்கு மிகவும் பிடித்த படம். பல தடவை பார்த்திருந்தார். "இந்தக் கேள்வியில் மட்டும் தோற்கச் சொல்லாதீர்கள்" என்று மன்றாடியும் பயனில்லை. தெரிந்த விடையை விழுங்கிவிட்டு, வேறொரு படத்தின் பெயரைச் சொல்லிவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கினார். கோடிக் கணக்கான ஜனங்கள் அவரை அன்று ஒன்றும் தெரியாதவராகப் பார்த்தார்கள்.

அவரை ஜயித்தவர் யார் தெரியுமா? சார்லஸ் வான் டோரன். கொலம்பியா சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கியம் போதித்த இளம் உபாத்தியாயர். தகப்பனார் மார்க் வான் டோரன் புலிட்ஸர் பரிசு பெற்ற கவி. பார்வைக்கு லட்சணம், படிப்பு, நல்ல குலம். இவரைப் பார்த்துப் பிள்ளைகளெல்லாம் படிப்பில் ஆசை கொள்வார்கள் என்று சொல்லியே அவரை இழுத்தார்கள். அவருக்கும் விடைகள் முன்னாடியே வந்துவிட்டன. 1957-ம் வருஷம் மார்ச் மாதம் தோற்கும் வரையில் அவர் சேர்த்த பரிசுத் தொகை 1,29,000 டாலர். பத்திரிகைகளின் அட்டையில் படம். டெலிவிஷனில் பெரிய உத்தியோகம்.

முடிவில் ஸ்டெம்பலே உண்மையை வெளியிட்டார். முதலில் ஒருவரும் நம்பவில்லை. பிறகு வேறு போட்டிகளின் ஊழலும் வெளிவந்தது. 1959-ம் வருஷம் நவம்பர் 2-ம் தேதி, அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டியின் முன்னால் நின்று, தாம் ஏமாற்றியதை வான் டோரன் ஒப்புக்கொண்டார். சர்வகலாசாலை உத்தியோகமும் போயிற்று. டெலிவிஷன் உத்தியோகமும் போயிற்று. அறிவுப் போட்டியில் விடையை முன்கூட்டிச் சொல்வது குற்றம் என்று 1960-ல் சட்டமே செய்தார்கள். இந்தக் கதையை ராபர்ட் ரெட்ஃபோர்ட் 1994-ம் வருஷத்தில் 'க்விஸ் ஷோ' என்று படமாகவும் எடுத்தார். வான் டோரனை நினைக்கிறபோதெல்லாம் நமக்கு வயிற்றில் ஏதோ செய்யும். நம் இனத்தைச் சேர்ந்த மனிதர் அல்லவா? கரும்பலகையின் முன்னால் நிற்கிறவனுக்குச் சபையின் கைதட்டல் எவ்வளவு ருசியான வஸ்து என்பது நமக்குத் தெரியாதா?

உயிரையே பந்தயமாக வைக்கிற விளையாட்டைப் பற்றிய கற்பனையும் பிர்ரோவுக்கு முன்பே பிறந்ததுதான். ராபர்ட் ஷெக்லி என்னும் எழுத்தாளர் 1958-ம் வருஷத்திலேயே அப்படியொரு சிறுகதை எழுதினார். அதை ஜெர்மனியில் 1970-ம் வருஷம் அக்டோபர் 18-ம் தேதி டெலிவிஷன் படமாகக் காட்டினார்கள். பெயர் 'மில்லியோனென்ஷ்பீல்'. ஒரு மனிதன் ஏழு நாள் ஓட வேண்டும். கொலைகாரர் மூவர் அவனைத் துரத்துவார்கள். பிழைத்தால் பத்து லட்சம் மார்க். நடுநடுவே பொய் விளம்பரங்கள், நிஜமான நிகழ்ச்சி நடத்துநர் என்று எல்லாவற்றையும் அசல் போலவே செய்திருந்தார்கள். ஜனங்களில் பலர் அதை நிஜம் என்றே நம்பிவிட்டார்கள். நிலையத்துக்கு டெலிபோன் மேல் டெலிபோன். "இது அக்கிரமம்" என்று கோபித்தவர்கள் சிலர். அது நியாயமே. ஆனால், "அடுத்த தடவை ஓடுவதற்கு நான் தயார், என்னைச் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று விண்ணப்பித்தவர்களும் இருந்தார்கள்! பரிகாசம் செய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய தோல்வியும் இல்லை, வெற்றியும் இல்லை.

இவையெல்லாம் போகட்டும். 2010-ம் வருஷத்தில் பிரான்ஸ் தேசத்து டெலிவிஷனில் காட்டிய ஒரு சோதனைதான் நம்மை உண்மையில் உட்கார வைத்தது.

அதற்கு முந்திய கதை ஒன்று உண்டு. 1961-ம் வருஷத்தில் அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையில் ஸ்டான்லி மில்கிராம் என்பவர் ஒரு பரீட்சை செய்தார். சாதாரண மனிதர் ஒருவரைக் கூப்பிட்டு, அடுத்த அறையில் இருப்பவரிடம் கேள்வி கேட்கச் சொல்வார். தப்பான விடை வந்தால் மின்சார அதிர்ச்சி கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தப்புக்கும் அதிர்ச்சியின் அளவு கூடிக்கொண்டே போகும். உண்மையில் மின்சாரம் ஒன்றும் பாயவில்லை; அடுத்த அறையில் கத்தியது நடிப்பு. ஆனால் கேள்வி கேட்டவருக்கு அது தெரியாது. முதல் பரீட்சையில் கலந்துகொண்ட 40 பேரில் 26 பேர், அதிகாரி "தொடருங்கள்" என்று சொன்ன ஒரே காரணத்துக்காக, 450 வோல்ட் என்ற கடைசி விசை வரையில் அழுத்திவிட்டார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பரீட்சையை அப்படியே டெலிவிஷன் விளையாட்டு நிகழ்ச்சியாக மாற்றினார்கள். மேடை, விளக்கு, வாத்தியம், சிரித்த முகமுள்ள ஒரு பெண்மணி நிகழ்ச்சியை நடத்துகிறவள். புதிய நிகழ்ச்சி ஒன்றின் ஒத்திகை என்று சொல்லி 80 பேரை ஒவ்வொருவராக அழைத்தார்கள். ஒத்திகைதானே, பரிசு கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். தப்பு விடைக்கு மின்சாரம். மூடிய கூண்டுக்குள்ளிருந்து அலறல் வந்தது; "என்னை விட்டுவிடுங்கள்" என்ற கெஞ்சல் வந்தது; அப்புறம் சத்தமே வரவில்லை. சபையோர் "தண்டனை! தண்டனை!" என்று கூவினார்கள். எண்பது பேரில் 16 பேர் மட்டும் "மாட்டோம்" என்று சொல்லி நிறுத்தினார்கள். பாக்கி 64 பேர் 460 வோல்ட் என்ற கடைசிக் கட்டம் வரையில் போனார்கள். யாரும் அவர்களைத் துப்பாக்கி காட்டி மிரட்டவில்லை. பரிசுப் பணம் கொடுப்பதாகவும் சொல்லவில்லை. ஒரு சிரித்த முகமும், கொஞ்சம் கைதட்டலும் போதுமானதாயிருந்தன. அந்த வருஷம் மார்ச் 17-ம் தேதி இதைப் பிரெஞ்சு டெலிவிஷனில் காட்டினார்கள்.

பிர்ரோவின் அட்டை மேடையை நாம் இப்போது எப்படிக் கற்பனை என்று சொல்வது?

இன்னொரு விவரமும் சொல்ல வேண்டும். இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தோம். மில்கிராம் தமது பரீட்சையில் விசையை அழுத்துகிறவருக்கு ஒரு பெயர் கொடுத்தார். கொலைகாரர் என்றோ, சிறை அதிகாரி என்றோ அல்ல. அவர் கொடுத்த பெயர் 'உபாத்தியாயர்'. அடுத்த அறையில் கத்துகிறவனுக்குப் பெயர் 'மாணவன்'.

நாலு வருஷத்துக்கு முன்னால் நமது பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவில் ஒரு வினாடி வினா நடத்தினோம். டெலிவிஷனில் கோடி ரூபாய்ப் போட்டிகள் வந்த நாள் முதலாகப் பிள்ளைகளுக்கு அதில் அளவற்ற மோகம். சாதாரணமாகச் சரித்திரக் கேள்வி கேட்டால் கொட்டாவி விடுகிறவர்கள், மேடையும் மணியும் வைத்துக் கேட்டால் விழித்துக்கொள்கிறார்கள். ஆகவே அட்டை ஒட்டி, ஜரிகைக் காகிதம் தொங்கவிட்டு, மேஜை மணி ஒன்றும் வாங்கிவைத்தோம். முப்பது விநாடிக்குள் விடை வராவிட்டால் மணி அடிக்கும். நிகழ்ச்சியை நடத்துகிறவர் நாமே. கோட்டு ஒன்றும் இரவல் வாங்கிப் போட்டிருந்தோம்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரு பையன் மேடைக்கு வந்தான். அவன் பெயர் வேண்டாம். அவனுக்கு வாய் திக்கும். வகுப்பில் அவனிடம் கேள்வி கேட்டால் கொஞ்சம் பொறுத்திருப்பது நமது வழக்கம். அன்றைக்குப் பொறுமையை இரவல் கோட்டுக்குள் வைத்துவிட்டோம் போலிருக்கிறது. "தண்டி யாத்திரை நடந்தது எந்த வருஷம்?" என்று கேட்டோம். எளிய கேள்வி.

"ஆ... ஆ... ஆயி..." என்றான் பையன்.

சபையில் ஒரு மூலையில் சிரிப்புக் கிளம்பிற்று. அந்தச் சமயத்தில் நாம் செய்திருக்கவேண்டிய காரியம் ஒன்று உண்டு. நாம் செய்ததோ வேறு. டெலிவிஷனில் நடத்துகிறவர்கள் செய்வது போல, புருவத்தைத் தூக்கிச் சபையைப் பார்த்து, கையிலிருந்த கடிகாரத்தைத் தட்டிக் காட்டினோம். அவ்வளவுதான், ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சபை முழுவதும் கொல்லென்று சிரித்தது. பெற்றோர்கள் சிரித்தார்கள்; சக உபாத்தியாயர்கள் சிரித்தார்கள். முப்பது விநாடி முடிந்தது, மணி அடித்தது. "மன்னிக்கவும்!" என்று நீட்டிச் சொன்னோம். பிரமாதமான கைதட்டல். அன்று மாலை வீடு திரும்பும்போது, "சார், உங்களுக்கு டெலிவிஷனில் இடம் இருக்கிறது" என்று இரண்டு பேர் சொன்னார்கள். நாம் அதை மறுக்கவில்லை.

பையன் மூன்று நாள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. காய்ச்சல் என்று லீவுச் சீட்டு வந்தது. அதற்கப்புறம் வந்தான். ஆனால் வகுப்பில் அவன் கை தூக்கியதை நாம் பார்க்கவில்லை. பத்தாவது தேறி, பள்ளியை விட்டுப் போய்விட்டான். நாமும் மறந்துவிட்டோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

படம் பார்த்த மூன்றாம் நாள், கடைத் தெருவில் செல்போன் பழுது பார்க்கும் கடைக்குப் போனோம். போனில் ஒரு கோளாறும் இல்லை. அங்கே அந்தப் பையன் வேலை செய்கிறான் என்பது முன்பே தெரியும். அதனாலேயே அந்தத் தெரு வழியாகப் போவதைக் குறைத்திருந்தோம் என்பதும் இப்போதுதான் நமக்கே தெரிந்தது. மீசை அரும்பியிருந்தது. நம்மைக் கண்டதும் எழுந்து நின்று கும்பிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டான்.

நாற்பத்தேழு வயதில், இருபது வருஷம் பேசியே பிழைத்தவனுக்கு, அன்று நாக்கு எழவில்லை. எப்படியோ ஆரம்பித்து, "தம்பி, அன்றைக்கு ஆண்டு விழாவில் நான் செய்தது தப்பு. சபையைச் சிரிக்க வைப்பதற்காக உன்னை..." என்று சொன்னோம். அதற்கு மேல் நமக்கே திக்கிற்று.

பையன் கையிலிருந்த சிறு திருப்புளியை மேஜை மேல் வைத்தான். "அதெல்லாம் எப்பவோ சார்" என்று சொல்லிப் புன்னகை செய்தான். நல்ல பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். நாமும் விடைபெற்றுப் படி இறங்கினோம். அப்போது பின்னாலிருந்து, "சார்!" என்று கூப்பிட்டான்.

திரும்பிப் பார்த்தோம்.

"எனக்கு... விடை தெ... தெரியும் சார்" என்றான். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தான். 'ஆயிரத்து' என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு பஸ் போயிற்று. 'தொள்ளாயிரத்து' என்பதற்குள் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். 'முப்பது' என்பதற்கு வந்தபோது அவன் நெற்றியில் வேர்வை துளிர்த்திருந்தது; நம் கண்ணிலும் ஏதோ இருந்தது. எத்தனை விநாடி ஆயிற்று என்று நாம் பார்க்கவில்லை.

"சரியான விடை" என்றோம்.

இந்த வருஷ ஆண்டு விழாவுக்கும் வினாடி வினா உண்டு. மேஜை மணியை அலமாரியில் பூட்டிவிட்டோம். "மணி இல்லாவிட்டால் விறுவிறுப்பு இராதே, சார்!" என்று தலைமையாசிரியர் குறைப்பட்டுக்கொள்கிறார். அவர் சொல்வது வாஸ்தவம். விறுவிறுப்பு கொஞ்சம் குறையத்தான் செய்யும்.